வாடையில் வந்து சோளகத்தில் போகிறவர்

கடலுக்குப் போய்த் திரும்பாத சேதுமாணிக்கம், போன ஒன்பதாவது வருஷம், தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கட்டைக்கோரைப் பாசியோடு பாசியாகச் சங்குவலசைக் கரையில் வந்து ஒதுங்கினார். அப்போது கரையில் நின்ற எங்களில் யாரும் கத்தவில்லை, மயங்கி விழவில்லை, கோயில் மணியை அடிக்க ஓடவில்லை. தை மாதம் என்றால் கட்டைக்கோரை வரும், கட்டைக்கோரை வந்தால் அதில் ஏதாவது சிக்கிக்கொண்டு வரும், ஒற்றைச் செருப்பு வரும், சிங்கள எழுத்துப் போட்ட ஷாம்பு பாட்டில் வரும், ஒரு வருஷம் முழுசாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வந்து அது இன்னமும் ஊர்த் தலைவர் முத்திருளாண்டி வீட்டு வாசலில் கிடக்கிறது. இந்த வருஷம் ஆள் வந்திருக்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கட்டைக்கோரையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தீவுகளை ஒட்டிய பாறைகளில் முளைக்கிற பழுப்புப் பாசி. ஐப்பசி மழையில் தழைத்து, கார்த்திகையில் ஆள் உயரம் வளர்ந்து, மார்கழியில் உடம்பெல்லாம் பட்டாணி அளவுக்குக் காற்றுக்காய் பிடித்து, காய்கள் மேலே இழுக்க இழுக்க ஒருநாள் பாறையைப் பிடித்த பிடி விட்டுப்போய், கடல்மேல் பாய் விரித்த மாதிரி மிதக்கத் தொடங்கும். அந்தப் பாய்க்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கிய மீன்குஞ்சும் இறாலும் நண்டும் கூடவே பயணம் வரும். வாடைக்காற்று தள்ளினால் தெற்கே எங்களிடம் வரும். சித்திரையில் காற்று திரும்பிச் சோளகம் தள்ளினால் வடக்கே போகும். போகிற வழியெல்லாம் விதையைச் சிந்திச் சிந்திப் போய், பிய்ந்து, சிதறி, கண்ணுக்கு மறையும். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள அரசாங்கம் அவ்வப்போது படித்தவர்களை அனுப்பிவைக்கிறது.

சேதுமாணிக்கத்தின் மனைவி நம்புச்செல்வி அப்போது கழுத்தளவுத் தண்ணீரில் மரிக்கொழுந்துப் பாசி பறித்துக்கொண்டிருந்தாள். விலைக்குப் போகிற பாசி அதுதான். இருபது வருஷமாக அவளுக்கு அதுதான் தொழில். கரையிலிருந்து யாரோ கூப்பிட, விரல்களில் சுற்றிய கந்தல் துணியும், நீந்துவதற்காகக் காலில் கட்டிய அலுமினியத் தட்டும், சேலைக்கு மேல் போட்ட பழைய ஆண்சட்டையும், நெற்றிக்கு ஏற்றிய கண்ணாடியுமாக அவள் ஈரம் சொட்ட வந்து நின்று பார்த்தாள். பாசிக்குள்ளிருந்து சேதுமாணிக்கம் ஒரு கண்ணைத் திறந்தார்.

"செல்வி, பசிக்குது" என்றார்.

"இருங்க மச்சான். பையக் கரையேத்திட்டு வாரேன்" என்றாள் அவள்.

ஒன்பது வருஷத்துக்குப் பிறகு புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆனால் பையைக் கரையேற்றப் போனவள் வலைப்பையின் வாயைக் கட்ட முடியாமல் மூன்று தடவை முடிச்சுப் போட்டு மூன்று தடவையும் அவிழ்த்ததை, பக்கத்தில் நின்ற பெண்கள் பார்த்தார்கள். நாலாவது தடவை அவர்களில் ஒருத்தி வாங்கிக் கட்டிக்கொடுத்தாள்.

வந்த ஆள் முழு ஆளாகவும் வரவில்லை, முழுப் பாசியாகவும் வரவில்லை. காதுக்குப் பின்னாலும் தோளிலும் முழங்காலிலும் கொத்துக் கொத்தாகக் காற்றுக்காய். தாடிக்குள் இரண்டு நண்டு குடியிருந்தன. ஒரு நாளைக்கு நாலு தடவை உடம்பில் உப்புத்தண்ணீர் ஊற்றாவிட்டால் தோல் வெடித்துப் பொருக்கு உதிர்ந்தது. கடலுக்கும் வீட்டுக்கும் முந்நூறு தப்படி. குடம் சுமந்தது நம்புச்செல்வி. அவர் கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து கிடந்தபடி கதை சொன்னார். கடலுக்குப் போன காலத்திலேயே வள்ளத்தின் பின்பக்கம் படுத்துத் தூங்குகிறவர் என்று பேர் எடுத்தவர் என்பதால், இதிலும் எங்களுக்கு ஆச்சரியம் இருக்கவில்லை.

ஆனால் கதையை அவர் நன்றாகச் சொல்வார், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். பாசிப் பாய்க்கு அடியில் உச்சிவெயில் இறங்கும்போது தண்ணீர் புது வெண்கலம் மாதிரி ஆகும் என்றும், குஞ்சு மீன்கள் நூறு நூறாக வந்து தன் நெஞ்சின்மேல் தூங்கும் என்றும், அவற்றின் மூச்சு சூடாக இருக்கும் என்றும் சொன்னார். ஒரு மூச்சுக்கு ஒரு பிடி என்று இருபது வருஷம் கடலுக்கடியில் அவசர அவசரமாக வாழ்ந்த நம்புச்செல்வி, தாடியிலிருந்து நண்டை எடுத்தபடி, "மூச்சு முட்டாதா மச்சான்?" என்று கேட்டாள்.

"மேல ஏறணுங்கிற நெனப்பு இருந்தாத்தானே செல்வி முட்டும்?"

அந்தத் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் அவள் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. அதற்கு முன்னால் அவள் சிரித்து நாங்கள் கேட்டதில்லை. அல்லது கேட்டும் கவனிக்கவில்லை.

இனி ஊர் என்ன செய்தது என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊர் நிறையச் செய்தது. முதலில் முத்திருளாண்டி தலைமையில் கூட்டம் கூடி, சேதுமாணிக்கத்துக்குச் செய்த கருமாதி செல்லுமா செல்லாதா என்று அரைநாள் விவாதித்து, செய்தது செய்ததுதான், சாப்பிட்டது சாப்பிட்டதுதான் என்று தீர்மானம் போட்டோம். பிறகு மீன்பிடிக்கிறவர்களுக்குள் தகராறு வந்தது. மிதக்கிற எதற்கு அடியிலும் மீன் கூடும் என்பதால், சேதுமாணிக்கத்தை ஒரு கயிற்றில் கட்டி வள்ளத்துக்குப் பின்னால் இழுத்துப் போனால் மீன்பாடு நன்றாக இருக்கும் என்று வடக்குத்தெருக்காரர்கள் கேட்டார்கள், வாரத்தில் எந்தெந்த நாள் எந்தத் தெருவுக்கு என்பதில் கைகலப்பாகி, கடைசியில் சேதுமாணிக்கமே தனக்கு வெயில் ஆகாது என்று சொல்லிவிட்டார்.

கிராம நிர்வாக அலுவலரிடம் நம்புச்செல்வி அவரைத் தள்ளுவண்டியில் வைத்து ஈரச்சாக்கைப் போர்த்திக் கொண்டுபோனாள். ரேஷன் அட்டையில் அடித்த பெயரைத் திரும்பச் சேர்க்க வேண்டும். அலுவலர் நல்ல மனிதர். சேதுமாணிக்கத்துக்கு வணக்கம் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, இரண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

"இறப்புப் பதிவாயிருக்கும்மா. ரத்து செய்யணும்னா எந்த எடத்துல எறந்தாரோ அந்த எடத்துல விசாரணை நடத்தணும். எறந்த எடம் நடுக்கடல்னு போட்டிருக்கு."

"எறக்கலையே சார். இந்தா இருக்காரு."

"அத நான் மறுக்கலையே. ஆள் இருக்காரு. பதிவும் இருக்கு. ரெண்டையும் நான் மதிக்கணும்ல?" என்றவர், யோசித்து, தன் அதிகாரத்துக்கு உட்பட்டு ஒரு பருவகால இருப்புச் சான்று எழுதிக்கொடுத்தார். மேற்படி நபர் தை முதல் பங்குனி முடிய மேற்படி ஊரில் காணப்படுகிறார் என்று அதில் இருந்தது.

வனத்துறைக்காரர் அவ்வளவு நல்லவர் இல்லை. அதாவது வேலையில் கெட்டி. தீவுகளைச் சுற்றிய கடல் பாதுகாக்கப்பட்டது, அங்கே முளைத்து மிதந்து வந்த எதையும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று சொல்லி, டேப்பைப் பிடித்துச் சேதுமாணிக்கத்தை உச்சி முதல் பாதம் வரை அளந்து, ஐந்தடி ஆறங்குலம், ஈர எடை அறுபத்திரண்டு கிலோ, கரை ஒதுங்கிய கடல்வாழ் உயிரினம், ஆண், ஒன்று என்று பதிவேட்டில் ஏற்றினார்.

"கடல்ல விட்ருங்கம்மா. இல்லேன்னா நான் கேஸ் எழுத வேண்டி வரும்."

"எம் புருஷன் சார்."

"அதுக்குத் தனிக் கட்டம் இல்லம்மா இந்தப் பதிவேட்டுல" என்றார் அவர் வருத்தத்தோடு.

கேஸ் எழுத வேண்டிய தேவை வரவில்லை. சித்திரை பிறந்து நாலாம் நாள் காற்று திரும்பியது. கட்டிலில் கிடந்த சேதுமாணிக்கத்தின் காய்கள் ஒவ்வொன்றாக உப்பின, உடம்பு லேசானது, சோறு போட வந்த நம்புச்செல்வி, அவர் முதுகுக்கும் கட்டிலுக்கும் நடுவே கை நுழைகிற இடைவெளி இருப்பதைப் பார்த்தாள். எழுந்து, தரையைத் தொட்டும் தொடாமலும் நடந்து, முந்நூறு தப்படியும் தாண்டி, தண்ணீரில் மல்லாந்து, "வாரேன் செல்வி, என் கையில என்ன இருக்கு, காத்து கூப்புடுது" என்று சொல்லி அவர் போனார். கரையில் கிடந்த கட்டைக்கோரையும் அன்றைக்கே அவரோடு போனது. அவள் முட்டளவுத் தண்ணீரில் சாயந்தரம்வரை நின்றாள். வெறுங்குடம் இடுப்பில் இருந்தது.

அடுத்த தையில் அவர் திரும்ப வந்தார்.

இப்போது ஊருக்கு இது ஒரு வழக்கமாகிவிட்டதால், வழக்கத்துக்கு வேண்டிய விதிகளும் தேவைப்பட்டன. நம்புச்செல்வி பூவும் பொட்டும் வைக்கலாமா கூடாதா என்பதுதான் எல்லோரையும் அரித்த கேள்வி. இரண்டு கூட்டம் நடந்தது. தை முதல் பங்குனி வரை சுமங்கலி, சித்திரை முதல் மார்கழி வரை பழைய நிலை, காற்று நாள்தள்ளித் திரும்பினால் அந்த இடைப்பட்ட நாட்களுக்குப் பொட்டு மட்டும், பூ கிடையாது என்று முத்திருளாண்டி தீர்ப்புச் சொன்னார். நாள் தவறாமல் பஞ்சாங்கம் பார்க்க ஒரு ஆளையும் நியமித்தோம். நம்புச்செல்வியிடம் இதைச் சொன்னபோது அவள் பாசியை உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"முங்கினா எந்தப் பொட்டு நிக்குது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பாசியைத் திருப்பிப் போட்டாள்.

அந்த வருஷம்தான் மிதக்கும் பாசிகளின் போக்குவரத்தை ஆராய பத்மலோசனி என்கிற ஆய்வாளர் வந்து ஊரில் தங்கினார். முப்பது வயது, தொப்பி, கையில் எப்போதும் அளவுநாடா. பாசிக்கொத்துகளில் ஆரஞ்சு நிறத்தில் எண் போட்ட வில்லையைக் கட்டிக் கடலில் விடுவார். எந்தக் கரையில் ஒதுங்குகிறதோ அந்தக் கரைக்காரர்கள் வில்லையில் இருக்கிற போன் நம்பருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சேதுமாணிக்கத்தைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் வெளிச்சம். இவ்வளவு பெரிய கொத்து கிடைத்ததே இல்லை, சாதாரணமாகப் பாதி வழியில் பிய்ந்துபோகும் என்றார். அனுமதி கேட்டு, சேதுமாணிக்கத்தின் இடது கணுக்காலில் நூற்றுப் பதினாலாம் எண் வில்லையைக் கட்டினார்.

நம்புச்செல்விக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போனது. பாசி பறிக்கப் போகும்போது கூடவே கூட்டிப்போய், எந்தப் பாசி எந்தப் பாறையில், எந்த நட்சத்திரத்தில் எது முற்றும் என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள். அதையெல்லாம் பத்மலோசனி எழுதிக்கொண்டு, பின்னால் தன் பெயரில் கருத்தரங்குகளில் கட்டுரையாகப் படிக்கவும் செய்தார். ஒருநாள் நம்புச்செல்வி கேட்டாள்:

"ஏம்மா, இந்தப் பாசி தானா நெனச்சு இங்கதான் போகணும்னு போகுமா?"

"போகாதும்மா. மிதக்குற எதுக்கும் சொந்தப் போக்குன்னு ஒண்ணு கிடையாது. காத்தும் நீரோட்டமும் எங்க தள்ளுதோ அங்க போகும். என் ஆய்வோட அடிப்படையே அதுதான்."

நம்புச்செல்வி பறித்த பாசியைப் பையில் திணித்து முடித்தாள். பிறகு, "அப்ப அவரு மேல தப்பில்ல" என்றாள். அன்றைக்கு மீன் வாங்கிக் குழம்பு வைத்தாள்.

தப்பு இல்லாவிட்டாலும் பிரிவு பிரிவுதானே. அந்தப் பங்குனிக் கடைசியில், காய்கள் உப்ப ஆரம்பித்ததும், வள்ளம் கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்து அவரைக் கட்டிலோடும் கட்டிலை வீட்டு நடுத்தூணோடும் சேர்த்து அவள் கட்டினாள். குடம் நாலு தடவைக்குப் பதில் எட்டுத் தடவை நடந்தது. பாசி பறிக்கப் போகவில்லை. ஆனால் பருவம் முடிந்த பாசியைக் கரையில் வைத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது: ஐந்தாம் நாள் மஞ்சளித்தார், ஏழாம் நாள் காய்கள் சின்னச் சின்னச் சத்தத்தோடு வெடித்தன, எட்டாம் நாள் நாற்றம் மூன்று தெருவுக்கு வந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாங்கள் ஒரு அவசரக் கூட்டம் போட்டோம்.

"அவுத்து விடு செல்வி" என்றார் சேதுமாணிக்கம், உதடு வெடித்து. "நானா போறேன்? காத்துத்தான கொண்டுபோகுது? உன்ன விட்டுப் போகணும்னு எனக்கு வேண்டுதலா?"

அவள் அவிழ்த்தாள். நனைந்து இறுகிய முடிச்சு கையால் வராமல் பல்லால் அவிழ்த்தாள். அவரைத் தோளில் சுமந்துபோய்த் தண்ணீரில் இறக்கிவிட்டு, வீட்டுக்கு வந்து, அவருக்கென்று வடித்த சோற்றில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தாள். தன்னால் அவர் சாகப் பார்த்தாரே என்கிற குற்றம் அவளை இரண்டு மாதம் தின்றது. முகம் வற்றிப்போனது.

ஆவணியில் ஒருநாள் மத்தியானம் பத்மலோசனி மோட்டார் சைக்கிளில் புழுதி பறக்க வந்து இறங்கினார். கையில் சுருட்டிய வரைபடம்.

"நம்புச்செல்விம்மா! நூத்திப் பதினாலு கிடைச்சிருச்சு! வடக்க, உப்பளத்துக்குப் பக்கத்துல கோரைத்திடல்னு ஒரு ஊரு. நான் கணக்குப் போட்ட அதே கரை, அதே மாசம்!" வரைபடத்தை விரித்துச் சிவப்புப் புள்ளியைக் காட்டினார். "நாலு வருஷமா வருதாம். ஆனியில ஒதுங்கி ஐப்பசி மழைக்குத் திரும்ப மெதக்குதாம். எவ்வளவு ஒழுங்கு பாருங்க!"

"யாரு போன் பண்ணினது?"

பத்மலோசனி நோட்டைப் பார்த்து, படிக்கப் படிக்க வேகம் குறைய, படித்தார். "தகவல் தந்தவர் ஞானசௌந்தரி. வயது நாற்பத்தொண்ணு. மிதவையோடு உறவு..." நிறுத்தினார்.

"படிங்கம்மா."

"மனைவி."

நம்புச்செல்வி வரைபடத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்குப் படிக்க வராது. சிவப்புப் புள்ளியை மட்டும் விரலால் தொட்டு, அங்கிருந்து தன் ஊருக்கு ஒரு கோடு இழுத்தாள், திரும்ப அங்கே இழுத்தாள். பிறகு அந்தப் பெண்ணின் போன் எண்ணைப் போட்டுத் தரச் சொன்னாள்.

"அலோ, யாரு?" என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

"நான் சங்குவலசையிலருந்து பேசுறேன். காலுல வில்ல கட்டியிருக்காருல்ல, அவரு பொண்டாட்டி."

அந்தப் பக்கம் உப்பளத்தில் மண்வெட்டி விழுகிற சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

"எங்க ஊர்ல அவரு பேரு அந்தோணி" என்றாள் ஞானசௌந்தரி.

"இங்க சேதுமாணிக்கம்."

"நாலு வேள தண்ணி ஊத்துறீங்களா அக்கா?"

"நாலு வேள. அங்க கடல் எவ்வளவு தூரம்?"

"அர மைலு."

நம்புச்செல்விக்கு அதைக் கேட்டதும்தான் அழுகை வந்தது. தனக்காக வந்ததா அந்தப் பெண்ணின் இடுப்புக்காக வந்ததா என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "போகும்போது என்ன சொல்லிட்டுப் போவாரு?" என்று கேட்டாள்.

"என் கையில என்ன இருக்கு சௌந்தரி, காத்து கூப்புடுதும்பாரு."

செய்தி ஊருக்குள் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கூட்டம் கூடியது. முதல் மனைவி எந்த ஊர், இரண்டாம் மனைவி எந்த ஊர் என்று ஆராய்ந்து, விஷயம் ஊர் எல்லைக்கு வெளியே மிதக்கிறது என்று ஒதுக்கிவைத்தோம். எல்லை எது என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் அந்த ஐப்பசியில் எங்கள் ஊர் ஆண்களுக்குப் பாசியின்மேல் திடீரென்று ஒரு மரியாதை பிறந்தது உண்மை. அதுவரை பத்மலோசனியின் பக்கமே போகாதவர்கள் போய், வடக்கே போகிற நீரோட்டம் எந்தத் தேதியில் தொடங்கும், கரை ஒதுங்க எத்தனை நாளாகும், அங்கே சாப்பாடு எப்படி என்றெல்லாம் அறிவியலாகக் கேட்டார்கள். ஏழெட்டுப் பேர் கட்டைக்கோரையை உடம்பில் சுற்றித் தண்ணீரில் மல்லாந்தும் பார்த்தார்கள். யாரும் மிதக்கவில்லை. முத்திருளாண்டிக்குச் சளி பிடித்து நெஞ்சில் கட்டியது.

மூன்றாவது தையில், பாசி வருவதற்கு நாலு நாள் முன்பு, ஞானசௌந்தரி மூன்று பஸ் மாறி வந்து இறங்கினாள். உப்பில் வெளுத்த பாதங்கள், ஒரு துணிப்பை, இடுப்பில் வலிக்கு ஒட்டிய பிளாஸ்டர். என்ன நடக்கும் என்று பார்க்க நாங்கள் வேலைக்குப் போகாமல் நம்புச்செல்வி வீட்டுக்கு எதிரே கூடினோம். ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தி உலை வைத்தாள், ஒருத்தி கருவாட்டைக் கழுவினாள். நாலு நாளும் அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். குஞ்சு மீன் நெஞ்சில் தூங்கிய கதையைச் சேதுமாணிக்கம் ஞானசௌந்தரிக்கும் சொல்லியிருக்கிறார். அங்கே மூச்சுக்குப் பதிலாக மீன்களின் இதயத் துடிப்பு கேட்டதாகச் சொல்லியிருக்கிறார்.

"அது இன்னும் நல்லா இருக்கே" என்றாள் நம்புச்செல்வி.

"உங்களுக்குச் சொன்னதுதான்க்கா நல்லாருக்கு" என்றாள் மற்றவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் ஞானசௌந்தரி, "நாலு வருஷம் நான் ஒரு ஆளுக்குத் தேவைப்பட்டேன்னு நெனச்சிருந்தேன்க்கா" என்றாள். நம்புச்செல்வி அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

ஐந்தாம் நாள் காலை, வாடை நன்றாக வீசிக்கொண்டிருக்க, தூரத்தில் பழுப்பாய்ப் பாய் தெரிந்தது. கரையில் எல்லோரும் இருந்தோம். முத்திருளாண்டி துண்டைக் கழுத்தில் சுற்றி இருமிக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலர் புதுப்பித்த சான்றோடு, வனத்துறைக்காரர் பதிவேட்டோடு, பஞ்சாங்கம் பார்க்கிற ஆள் குங்குமச் சிமிழோடு, பத்மலோசனி டேப்போடும் கடிகாரத்தோடும். பெண்கள் இருவரும் முட்டளவுத் தண்ணீரில் பக்கம் பக்கமாக நின்றார்கள். பாய் அலைமேல் ஏறி இறங்கி, குஞ்சு மீன்கள் முன்னால் துள்ள, கிட்டே வந்தது. கல்லெறி தூரத்தில் சேதுமாணிக்கம் தலையைத் தூக்கினார்.

"செல்வி, பசி..." என்று தொடங்கியவர், கண்ணைக் கசக்கி, "சௌந்தரி?" என்றார். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு அவரைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. ஞானசௌந்தரி மட்டும், கேட்க வேண்டியதைக் கேட்கிற குரலில், "அடுத்து எந்த ஊருக்குங்க காத்து கூப்புடுது?" என்றாள்.

அப்போதுதான் சேதுமாணிக்கம் திரும்பினார். கையால் பாசியை விலக்கினார், காலால் உதறினார், தோளில் ஒட்டிய கொத்தைப் பிய்த்து எறிந்தார், குப்புறக் கவிழ்ந்தார், நீந்தத் தொடங்கினார். வாடை முகத்தில் அறைய, அலை வாயில் அடிக்க, நீரோட்டத்தைக் கிழித்துக்கொண்டு, வடகிழக்கே, எதிர்த்து எதிர்த்து, கைமேல் கை போட்டு அவர் போனார். கூடப் பிறந்தவர்களோ கூடத் தொழில் பார்த்தவர்களோ அவர் உடம்பு அப்படி வேலை செய்து ஒருநாளும் கண்டதில்லை. ஒரு வள்ளத்துக்காரர் தன்னை மறந்து கைதட்டிவிட்டார். குஞ்சு மீன்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வட்டமடித்துவிட்டுப் பாசிக்கு அடியிலேயே தங்கிவிட்டன. ஆரஞ்சு வில்லை நாலைந்து தடவை மின்னி மறைந்தது.

வனத்துறைக்காரர் பதிவேட்டில் 'ஒதுங்கவில்லை' என்று எழுதினார். அலுவலர் சான்றை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பத்மலோசனி மட்டும் கடிகாரத்தைப் பார்த்தபடி மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு வருஷ வேலம்மா" என்றார். "மிதவை காத்துக்கு எதிரா போகாது. போகவே கூடாது. இத நான் எங்கன்னு எழுத?"

நம்புச்செல்வி அவர் பக்கத்தில் குந்தினாள். கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்போது இருந்தது கோபமா துக்கமா என்று நாங்கள் பின்னால் பல நாள் விவாதித்தோம். பெண்கள் சொன்னது, அது சுமை இறக்கியவளின் முகம் என்று.

"பாசி மேல தப்பில்லம்மா, அது காத்துக்குத்தான் போகுது" என்றாள். "நூத்திப் பதினாலுக்கு நீந்தத் தெரியும்னு எழுதிக்கிருங்க."

முத்திருளாண்டி இருமலை அடக்கிக்கொண்டு, இந்த வருஷத்துப் பூ, பொட்டு விஷயத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டார். குங்குமச் சிமிழோடு நின்றவர் அவர் முகத்தைப் பார்த்தார், அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார். நம்புச்செல்வி அதற்குள் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இன்னொரு ஜோடி அலுமினியத் தட்டை எடுத்து ஞானசௌந்தரியின் வெளுத்த பாதங்களில் வைத்து, குனிந்து, கயிற்றை இறுக்கினாள். விரல்களுக்குக் கந்தல் சுற்றினாள்.

"அக்கா, நான் உப்பளத்துக்காரி. முங்கிப் பழக்கமில்ல."

"முங்குறது லேசு. பாறையக் கையால தடவாத, கால ஊணாத. கொத்தா முடி மாதிரி இருக்கும், அதான் மரிக்கொழுந்து. வேரோட புடுங்கிறாத, நுனியக் கிள்ளு, மறுபடி தழைக்கும்."

"வாட நிக்கிறதுக்குள்ள அவரு திரும்பி வந்துட்டா?"

"வந்தா கரையில ஆளுங்க நிக்கிறாங்கல்ல, பாத்துக்கிருவாங்க" என்றாள் நம்புச்செல்வி. "தண்ணி இன்னிக்குத் தெளிவா இருக்கு. மூச்சப் பிடி."

இரண்டு தலையும் ஒன்றாக உள்ளே போயின. நாங்கள் கரையில் நின்றோம். காலடியில் கட்டைக்கோரை வந்து வந்து மோதியது. கூட்டம் போட வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியது; எதைப் பற்றி என்றுதான் யாருக்கும் விளங்கவில்லை.